ஆறு மில்லி உயரத்தில்

அந்த மென்பொருளுக்குத் 'தோழன்' என்று பெயர் வைத்தவனுக்கு வாழ்நாளில் ஒரு நல்ல நண்பன்கூட வாய்த்திருக்க மாட்டான் என்பது திருமூர்த்தியின் கட்சி. புதுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே அந்த முடிவுக்கு வந்துவிட்டார். நண்பன் என்றால் நாலு கேள்வி கேட்கலாம், கோபம் வந்தால் நாலு திட்டலாம், பதிலுக்கு அவனும் திட்டுவான். இது வாயே திறக்காமல் எல்லாவற்றையும் தானே முடித்துக் கையில் கொடுத்தது.

கணபதி ஏரியாவில் அவர் இத்தனை வருஷம் வேலை பார்த்த பட்டறையில் இருந்த மென்பொருள் உழவு மாடு மாதிரி. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. எந்த டூல், என்ன வேகம், இரும்புக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அவரேதான் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பார். தப்பாகப் போட்டால் தப்பாக வெட்டும், திருத்திப் போட்டால் திருந்திக்கொள்ளும். பட்டறையை மூடியபோது மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுத்துப்போக ஆள் வரவில்லை.

தோழனிடம் வரைபடத்தைக் காட்டினால் போதும். டூல் போகும் பாதை முழுவதையும் அதுவே தீர்மானித்து, மெஷினுக்கு அனுப்பத் தயாராக வைத்துவிடும். மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுதான். திரையின் ஓரத்தில் 'சம்மதம்' என்று இருக்கும் பச்சைக் கட்டத்தைத் தொட வேண்டும்.

"நம்பரெல்லாம் எங்க போடறது தம்பி?" என்று கேட்டார். சொல்லிக்கொடுக்க வந்தவன் தரணிதரன். தோழனைப் பராமரிக்கும் இன்ஜினியர், நல்ல பையன், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவான்.

"போடவே வேண்டாமுங்ணா. அதே போட்டுக்கும்."

"ஆழம்?"

"அதையுந்தானுங்."

"அப்பறம் நான் எதுக்கு?"

தரணி சிரித்தான். "நீங்க பக்கத்துல நிக்கோணுமுல்லங்ணா."

திருமூர்த்தியும் சிரித்து வைத்தார். நாற்பத்தாறு வயதில் வேலை போய், எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார். அந்த எட்டு மாதத்தில் காலை ஆறு மணிக்கே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி பரிமளா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் அவரைத் தின்றது. இந்தக் கம்பெனியில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். அதற்காகப் பக்கத்தில் நிற்பது என்ன, தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பார்.

காற்றாலைகளுக்குப் போகும் கியர் பெட்டி மூடிகள்தான் அங்கே வேலை. ஒவ்வொன்றும் அண்டா மூடி அளவுக்கு இரும்பு. அதைக் குடையும் டூலுக்குக் கட்டர் என்று பெயர், தேங்காய்ப் பருமன் இருக்கும். அது சுழன்று இறங்கும்போது தரை வழியாக அதிர்வு முழங்கால்வரை வரும்.

முதல் துண்டை ஓட்டும்போது எந்த மெஷின்காரனும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தூக்கி வைப்பது என்பார்கள். பாதை எப்படி இருந்தாலும் 'இந்த டூல் அதைவிட அரை மில்லிமீட்டர் மேலேயே நிற்கட்டும்' என்று மெஷினில் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். வெட்டி முடித்து அளந்து பார்த்து, மிச்சமிருக்கும் அரை மில்லியை அப்புறம் இறக்கி எடுப்பார்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் இது. இரும்பு மிச்சமிருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், வெட்டிப்போட்டதை யார் ஒட்டித்தருவார்கள்? திருமூர்த்திக்கு இதில் கூடுதலாக ஒரு பயமும் உண்டு. பழைய பட்டறையில் ஆறுச்சாமி என்று ஒருவர் கூட வேலை செய்தார். தூக்கி வைக்க மறந்த ஒரே நாளில், கட்டர், இரும்பை இடுக்கிப் பிடித்திருந்த எஃகுக் கவ்வியில் மோதிச் சிதறி, ஒரு சில்லு பறந்துவந்து அவர் இடது கண்ணை எடுத்துக்கொண்டது. அன்று பக்கத்து மெஷினில் நின்றவர் திருமூர்த்தி. அன்றிலிருந்து எல்லாரும் அரை மில்லி தூக்கினால் இவர் ஒரு மில்லி தூக்குவார்.

புதுக் கம்பெனியிலும் அப்படியே தூக்கி வைத்து ஓட்டினார். முதல் சில நாள் எதிர்பார்த்தபடி இரும்பு மிச்சமிருந்தது. பிறகு ஒரு நாள் முதல் துண்டை எடுத்து அளந்தபோது அளவு கச்சிதமாக இருந்தது. மிச்சமே இல்லை. சந்தோஷத்தில் பரிமளாவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் கச்சிதம், அதற்கடுத்த நாளும். அப்போதுதான் யோசித்துப் பார்த்தார். ஒரு மில்லி மேலே நிற்கச் சொன்ன டூல் எப்படி மிச்சம் வைக்காமல் வெட்டும்?

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது தோழன் அனுப்பிய பாதையைப் பிரித்துப் பார்த்தார். வரைபடத்தில் இருந்ததைவிட ஒரு மில்லி ஆழமாக இருந்தது.

தரணியிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். "ஏந்தம்பி, இந்தத் தோழன் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரோகிராம்தான் குடுக்குமா?"

"இல்லீங்ணா. அதுதான் இதுல விசேஷமே." தரணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது ஆளைப் படிக்கும். நீங்க மெஷின்ல என்ன பண்றீங்க, எங்க தயங்கறீங்க, எவ்வளவு தூக்கறீங்க, எல்லாம் பாக்கும். எல்லா ஆபரேட்டரும் தூக்கி வெப்பாங்க, அப்பறம் இறக்குவாங்க. அதுல எவ்வளவு நேரம் போகுது சொல்லுங்க? அதனால நீங்க எவ்வளவு தூக்குவீங்கன்னு தெரிஞ்சு முன்கூட்டியே அவ்வளவு இறக்கிக் குடுத்துரும். மொத வெட்டுலயே அளவு வந்துரும்."

"இது ஆபரேட்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் சேத்துத் தூக்குவாங்களேங்ணா. அதனால மேல இருக்கறவங்க சொல்ல வேண்டாம்னுட்டாங்க." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். "நீங்க யார்கிட்டயும் சொல்லீராதீங்க."

"ஒருத்தருக்குக் குடுத்த புரோகிராம இன்னொருத்தர் ஓட்டினா?"

"அதுக்குத்தான் ஆளாளுக்குத் தனிப் பேரு குடுத்திருக்குங்ணா. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் ஓட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்குது."

சட்டம் இருந்தது. அதை மதிக்கத்தான் ஆளில்லை. ஷிப்ட் மாறும்போது பழைய ஆள் பெயரை எடுத்துவிட்டுப் புது ஆள் பெயரைப் போட்டால், தோழன் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் யோசிக்கும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும், நின்ற நேரத்துக்கு வந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் கையிலிருக்கும் வேலை முடியும்வரை முந்தின ஆள் பெயரிலேயே ஓட்டுவதுதான் அந்த மெஷின் ஹாலின் வழக்கம். சூப்பர்வைசருக்கும் தெரியும். முந்தின ஆள் தூக்கி வைத்த எண்ணும் மெஷினிலேயே இருக்கும் என்பதால் கெடுதல் எதுவும் வரவில்லை. டூலை மாற்றினால் மட்டும் அந்த எண் அழிந்து பூஜ்யமாகிவிடும். புது டூலுக்குப் புதிதாகப் போட வேண்டும்.

சொல்லியிருக்கலாம். அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறந்தால், தோழனை நம்பாமல் தூக்கி வைத்து ஓட்டுகிறவன் என்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது போலாகும். தோழனோடு ஒத்துப்போகாத ஆட்களை அங்கே வைத்துக்கொள்வதில்லை என்று காதில் விழுந்திருந்தது. அது இறக்கிக்கொள்கிறது, நான் தூக்கிக்கொள்கிறேன், கணக்கு சரியாகத்தானே போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்தினார்.

ஆனால் பயந்தவன் கை சும்மா இருக்குமா? அது ஒரு மில்லி இறக்குகிறது என்று தெரிந்தபின் இவர் ஒன்றரை தூக்கினார். சில நாளில் அதைப் படித்துக்கொண்டு அது ஒன்றரை இறக்கியது. இவர் இரண்டரைக்குப் போனார். சந்தையில் மாட்டுக்காரன் விலையை ஏற்றிச் சொல்வான், வாங்குகிறவன் பாதிக்குக் கேட்பான் என்று தெரிந்து அவன் இன்னும் ஏற்றுவான். அந்தக் கதைதான். அங்கேயாவது கடைசியில் கைமேல் துண்டைப் போர்த்தி அதற்கடியில் விரலைப் பிடித்து ஒரு விலைக்கு வருவார்கள். இங்கே ஆறாவது மாதம் முடியும்போது அவர் ஆறு மில்லி தூக்கிக்கொண்டிருந்தார். பாதை ஆறு மில்லி கீழே போய்க்கொண்டிருந்தது. வேலை மட்டும் கச்சிதமாக வந்துகொண்டிருந்தது.

மூடியைக் கவ்விப் பிடித்திருக்கும் எஃகுக் கவ்வி, வெட்டு முடியும் இடத்துக்கு நாலு மில்லி கீழேதான் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

அன்று மதியம் ஷிப்ட் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கட்டரின் முனை மழுங்கியிருந்ததால் அதைக் கழற்றிப் புதியது மாட்டினார். நீளத்தை அளந்து மெஷினுக்குச் சொன்னார். அடுத்த மூடியையும் ஏற்றி இறுக்கினார். தூக்கி வைக்கும் எண்ணைப் போடக் கையைக் கொண்டுபோன நேரத்தில் சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டினார்.

"மூர்த்தி, ஹெச்.ஆர். மேடம் கூப்பிடறாங்க. உங்க கன்பர்மேஷன் விஷயமாட்ட இருக்குது. இப்பவே போங்க, அவங்க மூணு மணிக்குக் கிளம்பீருவாங்க."

திருமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஓடினார். வாசலில், அடுத்த ஷிப்டுக்கு வந்த சௌபர்ணிகா எதிரே வந்தாள். அவருடைய மெஷினை மாலையில் ஓட்டுகிற பெண். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து நாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். வாய் ஓயாமல் பாட்டு முணுமுணுப்பாள்.

"என்னங்ணா, மொகமெல்லாம் பல்லா இருக்குது?"

"மேடம் கூப்பிட்டாங்க கண்ணு."

"அட, அப்ப நாளைக்கு ஸ்வீட்டுங். மெஷின்ல வேலை ஏத்தியாச்சுங்ளா?"

"ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு. நீ ஓட்டிக்க."

ஹெச்.ஆர். அறை மைதானத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடத்தில் இருந்தது. வித்யாலட்சுமி மேடம் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கையகலத் திரை ஒன்றை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்தம்மாள் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"உங்க ரெக்கார்டு ரொம்ப நல்லா இருக்குதுங்க. மொத துண்டு ஒண்ணுகூட வீணாகலை. தோழனோட இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனவங்க கம்மிங்க. இங்க விரல் வெச்சீங்கன்னா முடிஞ்சுது."

விரலை நீட்டினார். விரல் நுனியில் எண்ணெய்க் கறை இருந்தது. சட்டையில் துடைத்தார். புது டூல் மாட்டும்போது பட்ட எண்ணெய். புது டூல்.

தூக்கி வைக்கும் எண் போடவில்லை. மெஷினில் பூஜ்யம் இருக்கிறது. பாதை ஆறு மில்லி கீழே இருக்கிறது. நீ ஓட்டிக்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் சின்னப்பெண், தோழன் கொடுத்ததை நம்பி, மிஞ்சினால் அரை மில்லி தூக்கிவிட்டுச் சம்மதம் என்று தொடுவாள். புது டூலுக்கு முதல் துண்டு என்பதால் மெஷின் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு தலையை நீட்டித்தான் பார்ப்பாள். கதவுக் கண்ணாடியில், வெட்டும்போது பாயும் எண்ணெய் வழிந்து உள்ளே ஒன்றும் தெரியாது என்பதால் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஹாலுக்குள் செல்போன் கூடாது. ஆனால் ஹால் தூணில் உள் இணைப்புப் போன் உண்டு, அதைக் கூப்பிட மேடத்தின் மேஜையிலும் போன் இருந்தது. அதைவிட நல்லது, மேடத்தின் கம்ப்யூட்டர் திரை மூலையில் சிவப்பு நிறத்தில் 'ஹாலை நிறுத்து' என்று இருந்தது. தீ விபத்துக்காக வைத்தது. ஒரு தொடலில் அத்தனை மெஷினும் நிற்கும். தொட்டவுடன் காரணம் கேட்கும். காரணம் சொன்னால், கடந்த மாதங்களில் ஒரு நாள்கூடத் தோழனை நம்பி ஓட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தப்பான ஆழம் என்று தெரிந்தே சம்மதம் தொட்டதைச் சொல்ல வேண்டும். விரல் வைக்கப் போகிற இடமும் சிவப்புக் கட்டமும் ஒரே மேஜையில் இருந்தன.

திருமூர்த்தி எழுந்தார். "மேடம், டிபன் பாக்ஸ ஹால்ல வெச்சுட்டு வந்துட்டனுங்க. ஓடிப்போயி எடுத்துட்டு வந்தர்றேன்."

"டிபன் பாக்ஸா? விரல் வெச்சுட்டுப் போங்களேன்."

"இதா வந்தர்றேன் மேடம்."

ஓடினார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு வழியெல்லாம் ஆறுச்சாமியின் முகம். வெயிலில் மைதானம் முடிவில்லாமல் நீண்டது. ஹால் வாசலில் முகம் காட்டினால்தான் கதவு திறக்கும். வியர்த்து வழிந்த முகத்தைக் கருவி இரண்டு தடவை யாரென்றே தெரியாது என்றது. சட்டையால் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு மெஷின்களின் இரைச்சல். அதற்குள் ஒரு உடைசல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினார். "சௌபர்ணிகா" என்று கூப்பிட்டது அவருக்கே கேட்கவில்லை.

அவள் மெஷின் முன்னால் நின்றிருந்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தலையை நீட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டர் இரும்புக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி பாய்ந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினார்.

மெஷின் முனகி நின்றது. அவர் கதவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கவ்வி முழுசாக இருந்தது. மூடியின் வெட்டு, இருக்க வேண்டிய ஆழத்தில் பளபளவென்று இருந்தது. ஒரு நிமிடம் அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

"என்னங்ணா, என்னாச்சு?" என்றாள் சௌபர்ணிகா. கேட்டுக்கொண்டே அவள் வலது கை மெதுவாகப் போய்த் திரையின் மேல் படிந்தது. எதையோ மறைத்தது.

"கையை எடு கண்ணு."

"ஒண்ணுமில்லீங்ணா."

"கையை எடும்மா."

எடுத்தாள். தூக்கி வைக்கும் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்று இருந்தது.

திருமூர்த்தி பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் விழுங்கினார். "நீயா போட்டே?"

"நீங்க புது டூல் மாட்டியிருந்தீங்க. எண்ணு இல்லை. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுது ஆறுன்னு எனக்குத் தெரியுமுங்ணா. ஷிப்டு மாறறப்ப தெனமும் பாப்பேன். மொதல்ல ஒண்ணு இருந்துச்சு. ஏறிட்டே வந்துச்சு."

"உனக்கு எப்படி...?"

"என்னுது நாலுங்ணா. ரெண்டு வருசமா நாலுலயே புடிச்சு வெச்சிருக்கேன். எனக்கு மட்டுந்தான் இப்படிப் பண்ணுதுன்னு நெனச்சுட்டிருந்தேன். நான் பயந்தாங்கொள்ளி, அதனால என்னைத்தான் ஆழம் பாக்குதுன்னு. நீங்க வந்து உங்க எண்ணு ஏறினப்பத்தான் உங்களுக்கும் பண்ணுதுன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். நெற்றியில் வழிந்த வியர்வையை, இறைத்த மூச்சை, மைதானப் புழுதி படிந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"எனக்காகவா இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்க?"

"ஆமா."

"மேடம் ரூம்புல போன் இருக்குமே. அங்கிருந்தே நிறுத்தவும் செய்யலாமே." அவள் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "ஏனுங்ணா ஓடி வந்தீங்க?"

பொய் சொல்ல அவருக்கு டிபன் பாக்ஸ்கூட மிச்சமில்லை. "நீ எங்கிட்ட எதுக்குச் சொல்லலையோ, அதுக்குத்தான்" என்றார்.

ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு கள்ளர்கள் ஒரே வீட்டுச் சுவரில் இரண்டு பக்கமும் கன்னம் வைத்து நடுவில் முட்டிக்கொண்டதுபோல் இருந்தது. மெஷின் நின்றதைப் பார்த்துப் பக்கத்து மெஷினிலிருந்து மயில்சாமி வந்தார். தடித்த உருவம், யாரோடும் அதிகம் பேசாதவர்.

"என்ன நிறுத்திப்போட்டீங்க?" என்றவர் திரையைப் பார்த்தார். அந்த ஆறைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் மெஷின் திரையை ஒரு பார்வை பார்த்தார். அங்கே எண் இருக்கும் இடத்தில் எண்ணெய்த் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ காயப்போட்டதுபோல் எப்போதும் அங்கேதான் தொங்கும்.

"உங்களுக்கு எவ்வளவுங்க?" என்றாள் சௌபர்ணிகா.

மயில்சாமி மென்று விழுங்கினார். "ஒம்பது."

அதற்குப் பிறகு திருமூர்த்தி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை நாள் பார்த்ததுதான், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஒரு திரையில் முருகன் படம் ஒட்டியிருந்தது, சரியாக அந்த எண்ணின் மேல். இன்னொன்றில் அளவுகோல் சாய்த்து வைத்திருந்தது. எதிர் மெஷின்காரன் ஒரு கையால் வேலை செய்து மறு கையைத் திரையிலேயே வைத்திருந்தான். தனக்கு மட்டும் என்று நினைத்து ஒவ்வொருவரும் தோழனோடு தனித்தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கே ஒரு புது ஆள், தூக்கி வைக்கத் தெரியாத ஒருவன், யார் பெயரிலாவது வந்து நின்றால் போதும்.

தூணில் மாட்டியிருந்த உள் இணைப்புப் போனை எடுத்து ஹெச்.ஆர். எண்ணைப் போட்டார்.

"டிபன் பாக்ஸ் கெடைச்சுதுங்களா?" என்றார் மேடம்.

"ஹாலை நிறுத்துங்க மேடம். தோழன் குடுக்கற ஆழம் தப்புங்க. நாங்க தூக்குவோம்னு தெரிஞ்சு அது இறக்கீட்டுப் போகுது. தூக்கலைன்னா கவ்வியில இடிக்கும். தெரிஞ்சேதான் ஓட்டிட்டு இருந்தேன்."

மேடத்தின் குரல் தணிந்து வந்தது. "உங்களுக்கு முன்னாடி அந்த மெஷின்ல இருந்தவரும் இதையேதான் சொன்னாருங்க."

"அவரு இப்ப எங்கீங்க?"

"அவர் இருந்திருந்தா உங்களை எதுக்குங்க எடுத்திருப்போம்?"

திருமூர்த்தி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒருத்தர் சொன்னா அது அந்த ஆளோட தப்புன்னுதான் எழுதணும். எனக்கு அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்க" என்றார் மேடம். "நீங்க போன் பண்ணலைன்னு நான் நெனச்சுக்கறேன். வந்து விரல் வெச்சுட்டுப் போயிருங்க. திரை இன்னும் அப்படியேதான் இருக்குது. மூணு மணி வரைக்கும் இருப்பேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் அதைத் தள்ளுவது கஷ்டமாக இருந்தது. காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்த தன்னை அவர் ஒரு கணம் பார்த்தார். பரிமளா ஒன்றும் கேட்காமல் காப்பி கொண்டுவந்து வைப்பதையும் பார்த்தார்.

"எம்பேரையே எழுதிக்குங்க மேடம். திருமூர்த்தி. ஹாலை மட்டும் நிறுத்தீருங்க."

சௌபர்ணிகா எட்டி அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். "எம்பேரும் எழுதுங்க. சௌபர்ணிகா, ரெண்டாவது ஷிப்டு." சொல்லிவிட்டு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

திருமூர்த்தி ரிசீவரை மயில்சாமியின் பக்கம் நீட்டினார். மயில்சாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பித் தன் மெஷினுக்கு நடந்தார். குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். போன் பக்கம் ஒருவரும் வரவில்லை.

"ரெண்டு பேருதானுங்களா?" என்றார் மேடம்.

"ரெண்டு பேருதானுங்க."

"ரெண்டு பேரை வெச்சு நான் எப்படிங்க நிறுத்தறது? மேல கேட்டுட்டுத்தான்..."

மயில்சாமி தன் மெஷினின் முன் நின்று எண்ணெய்த் துணியை எடுத்தார். கையைத் துடைத்தார். துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அந்த மெஷின் நின்றது. எதிர்ப்பக்கத்துக்காரன் அவரைப் பார்த்தான். அவனுடையதும் நின்றது. பிறகு முருகன் படம் ஒட்டியிருந்த மெஷின். அதற்கப்புறம் எது முதலில், எது பின்னால் என்று சொல்ல முடியாமல் வரிசையாக அடங்கிக்கொண்டே போயின. கடைசி மெஷினும் நின்றபோது வெளியே மரத்தில் காக்கை கத்துவது கேட்டது. அந்த ஹாலுக்குள் அது கேட்கும் என்று யாருக்கும் அதுவரை தெரியாது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" மேடத்தின் குரலில் பதற்றம். "அங்க என்னங்க, சத்தத்தையே காணோம்? நான் இன்னும் எதையும் நிறுத்தலைங்களே."

"நீங்க இல்லீங்க மேடம்" என்றார் திருமூர்த்தி. "நாங்கதான்."